கை கால் தசைகளை மனப்பாடம் செய்யாமல் படிக்க வழி உண்டா?

முதலாண்டு பிசியோ எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். சென்னையில் பிசியோதெரபி முதலாண்டு படிக்கிறேன். உடற்கூறியலில் இப்போது கை ஓடிக்கொண்டிருக்கிறது, அடுத்தது கால். ஒவ்வொரு தசைக்கும் எங்கே தொடங்குகிறது, எங்கே போய் ஒட்டுகிறது, எந்த நரம்பு, என்ன வேலை என்று நாலு கட்டம் போட்ட அட்டவணை கொடுத்திருக்கிறார்கள். தோள், மேற்கை வரைக்கும் ஒருவழியாக வந்துவிட்டேன். முன்கைக்கு வந்தால் ஃப்ளெக்சார், எக்ஸ்டென்சார், கார்ப்பி, டிஜிட்டோரம் என்று எல்லாப் பெயரும் ஒரே மாதிரி காதில் விழுகிறது, ராத்திரி படித்தது காலையில் தலையில் நிற்பதில்லை. சீனியர்கள் உருப்போடு என்கிறார்கள். நோயாளிகளைப் பார்க்கிறவர்கள், பாடம் எடுத்தவர்கள் யாராவது, நீங்கள் இதை எப்படி மறக்காமல் வைத்திருக்கிறீர்கள் என்று சொன்னால் பெரிய உதவியாக இருக்கும்.

தாம்பரம் அக்கா எழுதியது:

தம்பி, அந்த அட்டவணையைக் கொஞ்ச நாளைக்கு மூடி வை. படித்ததைக் கடைசியில் சரிபார்க்க அது உதவும், அதிலிருந்தே ஆரம்பித்தால் யாருக்கும் ஏறாது. ஒரு தசையைப் பார்த்ததும் கேட்க வேண்டியது இரண்டே கேள்வி. எந்த மூட்டைத் தாண்டிப் போகிறது? அந்த மூட்டின் எந்தப் பக்கமாகத் தாண்டுகிறது? தசையால் இழுக்கத்தான் முடியும், தள்ள முடியாது. முழங்கையின் முன்பக்கமாகத் தாண்டுகிற தசை சுருங்கினால் முழங்கை மடங்கியே தீரும், பின்பக்கமாகத் தாண்டினால் நிமிரும். ஆகவே 'வேலை' என்ற கட்டத்தைத் தனியாகப் படிக்கவே தேவையில்லை, எலும்புக்கூட்டின் மேல் தொடங்கும் இடத்திலிருந்து ஒட்டும் இடம் வரை விரலை ஓட்டிப் பார், வேலை தானாகத் தெரிந்துவிடும்.

நரம்புக் கட்டத்தையும் இதே போலச் சுருக்கலாம். கையும் காலும் கெட்டியான உறைகளால் அறை அறையாகப் பிரிக்கப்பட்டிருக்கின்றன, ஓர் அறைக்குப் பெரும்பாலும் ஒரே நரம்பு. மேற்கையின் முன் அறையில் பைசெப்ஸ், பிராக்கியாலிஸ், கொராக்கோபிராக்கியாலிஸ் என்று மூன்றே தசை, மூன்றுக்கும் மஸ்குலோக்யூட்டேனியஸ் நரம்பு. பின் அறையில் ட்ரைசெப்ஸ், ரேடியல் நரம்பு. முன்கையின் பின்பக்கத்தில் 12 தசை இருந்தாலும் அத்தனைக்கும் அதே ரேடியல்தான். உன்னைப் பயமுறுத்துகிற முன்பக்கத்தில் 8 தசை, அதில் ஃப்ளெக்சார் கார்ப்பி அல்னாரிஸ் முழுசாகவும், விரல் நுனியை மடக்கும் புரோஃபண்டஸ் தசையில் சுண்டுவிரல் பக்கப் பாதியும் அல்னார் நரம்பு, மிச்சம் எல்லாம் மீடியன். இருபது தசையின் நரம்பு இரண்டு வரியில் முடிந்துவிட்டது பார்.

காலும் இப்படித்தான். தொடையின் முன்பக்கம் ஃபெமோரல், உள்பக்கம் ஆப்ட்யூரேட்டர், பின்பக்கம் சயாட்டிக். முழங்காலுக்குக் கீழே முன்பக்கம் ஆழ்ந்த பெரோனியல், வெளிப்பக்கம் மேலோட்டமான பெரோனியல், கெண்டைக்கால் முழுக்க டிபியல். விதிவிலக்குகளை மட்டும் ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள். அடக்டார் மேக்னஸ் என்ற உள்தொடைத் தசைக்கு இரண்டு நரம்பு, பைசெப்ஸ் ஃபெமோரிஸின் குட்டைத் தலைக்குப் பொதுப் பெரோனியல், இப்படி ஐந்தாறு வரும். தேர்வில் வாய்மொழிக் கேள்வி எப்போதும் அந்த விதிவிலக்குகளில்தான் விழும்.

வியாசர்பாடி பயில்வான் எழுதியது:

அக்கா சொன்னது சூப்பர். நான் ஜிம் ட்ரெய்னர், படிப்பு இல்லை, அனுபவம்தான். ஒரு தசையைப் புரிந்துகொள்ள அதைத் தனியாக வேலை வாங்கிப் பார்க்க வேண்டும் என்பது என் கருத்து. உதாரணத்துக்குப் பைசெப்ஸ். முழங்கையை மடக்குகிற முக்கியத் தசை அது, கையில் எடையைப் பிடித்து முழங்கையை மடக்கித் தூக்குகிற கர்ல் போட்டால் கையில் எது வீங்குகிறது என்று தெரிந்துவிடும், புத்தகமே வேண்டாம்.

பழைய உடற்கூறு வாத்தியார் எழுதியது:

பயில்வான் தம்பியின் வழி நல்ல வழி, உதாரணம்தான் இடிக்கிறது. முழங்கையை மடக்குவதில் முதல் ஆள் பைசெப்ஸ் இல்லை, அதற்கு அடியில் ஒளிந்திருக்கும் பிராக்கியாலிஸ். அது முன்கையின் இரண்டு எலும்புகளில் சுண்டுவிரல் பக்கம் இருக்கும் அல்னாவில் ஒட்டுகிறது. அல்னா சுழலாத எலும்பு, எனவே உள்ளங்கை வானம் பார்த்தாலும் தரை பார்த்தாலும் பிராக்கியாலிஸுக்குக் கவலை இல்லை, எப்போதும் ஒரே மாதிரி மடக்கும். பைசெப்ஸ் ஒட்டுவதோ கட்டைவிரல் பக்கத்து ரேடியஸில், அந்த எலும்பு சுழலும். உள்ளங்கை கீழே திரும்பியிருக்கும்போது பைசெப்ஸின் தசைநாண், அதாவது தசையை எலும்போடு கட்டும் கயிறு, ரேடியஸைச் சுற்றிக்கொண்டு கிடக்கும், சுருங்கினால் முதலில் அந்தச் சுற்றைத்தான் பிரிக்கும், அதாவது உள்ளங்கையை மேல்பக்கம் திருப்பும். அந்த நிலையில் மடக்குவதற்கு அதன் பங்கு குறைவு.

எல்லோரும் இப்போதே செய்து பார்க்கலாம். முழங்கையைச் செங்கோணத்தில் மடக்கி, மேசைமேல் முன்கையை வைத்து, இன்னொரு கையால் பைசெப்ஸைத் தொட்டுக்கொள்ளுங்கள். உள்ளங்கையைக் கீழே திருப்பி வையுங்கள், தளர்வாக இருக்கும். முழங்கையை அசைக்காமல் உள்ளங்கையை மட்டும் வேகமாக மேலே திருப்புங்கள், சட்டென்று இறுகும். வலக்கைக்காரர்கள் திருகாணியை இறுக்கும்போது செய்வது இதே அசைவு. முழங்கை மடங்கியிருக்கும்போதுதான் இந்தத் திருப்பலுக்கு முழு பலம். கையை நீட்டிக்கொண்டு திருகிப் பாருங்கள், பலம் பாதியாகப் போனது போல இருக்கும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், மாணவர்கள் இதைக் கணக்காகப் போட்டுப் பார்ப்பதே இல்லை. பைசெப்ஸ் முழங்கை மூட்டிலிருந்து ஏறக்குறைய 4 செ.மீ. தள்ளி ஒட்டுகிறது. உள்ளங்கை 32 செ.மீ. தள்ளி இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். கையில் 5 கிலோ அரிசிப் பை இருந்தால், செங்கோணத்தில் அதைத் தாங்க 8 மடங்கு, அதாவது 40 கிலோவுக்கு ஈடான இழுப்பு தேவை, முன்கையின் சொந்த எடையைச் சேர்க்காமலே. பலத்தில் இவ்வளவு நட்டமா என்று தோன்றும். ஆனால் தசை 1 செ.மீ. சுருங்கினால் கை 8 செ.மீ. நகர்கிறது. கை கால்களில் பெரும்பாலான தசைகள் இப்படி மூட்டுக்கு அருகில்தான் ஒட்டுகின்றன. பலத்தைக் கொடுத்து வேகத்தையும் வீச்சையும் வாங்கியிருக்கிறோம். பந்து எறிகிற உயிரினமாக நாம் இருப்பதற்கு இது ஒரு காரணம்.

வியாசர்பாடி பயில்வான் எழுதியது:

சார், செய்து பார்த்தேன், இறுகுவது நன்றாகத் தெரிகிறது. அப்போ கட்டைவிரல் மேலே பார்க்கிற மாதிரி பிடித்துப் போடும் ஹேமர் கர்லில் முன்கைக்கு மேல் ஒரு தசை புடைக்குமே, அது?

பழைய உடற்கூறு வாத்தியார் எழுதியது:

பிராக்கியோரேடியாலிஸ். கை அந்த நடுநிலையில் இருக்கும்போது மடக்குவதற்கு அதற்குத்தான் வாகு அதிகம். வேடிக்கை என்னவென்றால், வேலை மடக்குவதாக இருந்தும் நரம்பு ரேடியல், ஏனென்றால் அது பிறப்பால் பின் அறையைச் சேர்ந்தது. மாணவத் தம்பி இதை அந்த விதிவிலக்குத் தாளில் எழுதிக்கொள்ளவும்.

கடற்கரை ஓட்டம் எழுதியது:

நான் மெரினாவில் ஓடுகிற கூட்டம். இரண்டு சந்தேகம். ஒன்று, சாலையில் ஓடினால் ஒன்றும் ஆகாத எனக்கு மணலில் கொஞ்ச தூரம் ஓடினாலே கெண்டைக்கால் பிடித்துக்கொள்கிறது. இரண்டு, பரங்கிமலைப் படியில் பயிற்சிக்குப் போகிறோம். ஏறும்போதுதான் மூச்சு வாங்குகிறது, தொடை எரிகிறது. ஆனால் மறுநாள், அதற்கடுத்த நாள் வலிப்பது எல்லாம் இறங்கியதால் என்று எங்கள் குழுவில் ஒருவர் சொல்கிறார். இறங்குவதில் என்ன உழைப்பு இருக்கிறது?

தாம்பரம் அக்கா எழுதியது:

உங்கள் குழுக்காரர் சொன்னது சரி. படி ஏறும்போது முன்தொடையின் குவாட்ரிசெப்ஸ் சுருங்கி முழங்காலை நிமிர்த்துகிறது, பின்னால் க்ளூட்டியஸ் மேக்சிமஸ் இடுப்பை நிமிர்த்துகிறது. இறங்கும்போது மேல் படியில் இருக்கும் காலின் முழங்கால் மெல்ல மடங்க வேண்டும். புவியீர்ப்பு அதைச் சடாரென்று மடக்கப் பார்க்கும், குவாட்ரிசெப்ஸ் அதைப் பிடித்துப் பிடித்து விடும். அதாவது தசை சுருங்க முயன்றுகொண்டே நீள்கிறது. இது பிரேக் பிடிக்கிற வேலை. இப்படி நீளும்போது தசை குறைவான இழைகளை வைத்தே அதே எடையைத் தாங்கிவிடும், அதனால் மூச்சு வாங்காது, ஆனால் வேலை செய்கிற ஒவ்வோர் இழையிலும் சுமை கூடுதல். அங்கே நுண்ணிய சேதம் ஏற்பட்டு, வலி 24 முதல் 72 மணி நேரத்துக்குள் உச்சத்துக்கு வரும். லாக்டிக் அமிலம் தேங்கிவிட்டது என்று ஜிம்மில் சொல்வார்கள், அது இல்லை, லாக்டேட் ஒரு மணி நேரம் போல ஆவதற்குள் ரத்தத்திலிருந்து நீங்கிவிடும். நல்ல செய்தி, அதே தசை ஒருமுறை இப்படி வேலை செய்துவிட்டால் அடுத்த முறை வலி வெகுவாகக் குறையும். எனவே முதல் நாளே மலை முழுவதும் ஓடி இறங்காதீர்கள், கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள்.

மணல் விஷயம். கெண்டைக்காலில் இரண்டு பெரிய தசை ஒன்றின் மேல் ஒன்றாக இருக்கிறது. வெளியே தெரிகிற இரட்டைப் புடைப்பு காஸ்ட்ராக்னீமியஸ், அது தொடை எலும்பில் தொடங்குவதால் முழங்கால், கணுக்கால் இரண்டையும் தாண்டுகிறது. அடியில் தட்டையாக இருப்பது சோலியஸ், முழங்காலுக்குக் கீழேயே தொடங்குவதால் கணுக்காலை மட்டும். இரண்டும் சேர்ந்து அக்கிலிஸ் தசைநாணாகிக் குதிகாலில் இறங்குகின்றன. ஓடும்போது அந்தத் தசைநாண் ரப்பர் போல நீண்டு, சேமித்த விசையில் ஒரு பங்கைத் திருப்பிக் கொடுக்கும். மணலில் குதிகால் புதைந்து போகிறது, விசை மணலுக்குள் போய்விடுகிறது, அந்த வித்தியாசத்தைத் தசையே ஈடுகட்ட வேண்டியிருக்கிறது.

நீட்டிப் பயிற்சி செய்கிறவர்கள் பாதி வேலையில் நிறுத்திவிடுகிறார்கள், இதை அடிக்கடி பார்க்கிறேன். சுவரைப் பிடித்துக்கொண்டு பின்காலை நேராக வைத்து இழுத்தால் காஸ்ட்ராக்னீமியஸ் நீளும். சோலியஸை நீட்ட வேண்டுமானால் அதே நிலையில் முழங்காலைக் கொஞ்சம் மடக்க வேண்டும். ஏனென்று மாணவத் தம்பிக்கு இப்போது தெரிந்திருக்கும். முழங்கால் மடங்கினால் இரண்டு மூட்டைத் தாண்டும் தசை தொய்ந்துபோகும், இழுப்பு முழுக்க ஒரு மூட்டுத் தசைக்குப் போகும். குந்தி உட்காரும்போது குதிகால் தரையில் பதியாதவர்களுக்குப் பெரும்பாலும் தடையாக இருப்பது இந்தச் சோலியஸும் கணுக்கால் மூட்டும்தான்.

அம்பத்தூர் மகன் எழுதியது:

இந்தச் சோலியஸ் பற்றிப் பேசும்போது ரத்த ஓட்டத்தையும் சொல்லுங்கள் மேடம். என் தங்கை துணிக்கடையில் வேலை செய்கிறாள், சாயங்காலம் வந்தால் கால் வீங்கிக் கிடக்கும்.

தாம்பரம் அக்கா எழுதியது:

சோலியஸுக்குள் ரத்தம் தங்குகிற அகலமான சிரைகள் இருக்கின்றன. நடக்கும்போது தசை சுருங்கி அவற்றைப் பிழிந்து ரத்தத்தை மேலே அனுப்பும், சிரைகளில் உள்ள வால்வுகள் அது திரும்பிக் கீழே வராமல் தடுக்கும். இரண்டாவது இதயம் என்று சொல்வது இதனால்தான். ஆனால் தசை மாறி மாறிச் சுருங்கித் தளர்ந்தால்தான் இது நடக்கும். ஆடாமல் அசையாமல் நிற்கும்போது பிழிவது நின்றுவிடுகிறது, ரத்தம் தேங்குகிறது, நாளடைவில் சிரைகள் புடைத்துக்கொள்கின்றன. கடை ஊழியர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாட்டில் 2021இல் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தினார்கள். அது சலுகை இல்லை, கெண்டைக்காலின் உடலியல் கேட்கிற உரிமை. தங்கையிடம் சொல்லுங்கள், நின்றுகொண்டிருக்கும்போது நேரம் கிடைக்கும்போதெல்லாம் குதிகாலைத் தூக்கித் தூக்கி இறக்கச் சொல்லுங்கள், உட்கார வாய்ப்புக் கிடைத்தால் கட்டாயம் உட்காரச் சொல்லுங்கள். ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தால் அது வேறு விஷயம், தாமதிக்காமல் மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

மயிலை சலங்கை எழுதியது:

நான் பரதநாட்டிய ஆசிரியை. இந்த இழையை முதலிலிருந்து படித்தேன். அரைமண்டியைப் பற்றி ஒரு விளக்கம் வேண்டும், முழங்கால்களை வெளியே விரித்துப் பாதி உட்காருகிற நிலை அது. சின்னப் பிள்ளைகள் பாதத்தை நன்றாக விரித்து வைத்துவிடுகிறார்கள், ஆனால் முழங்கால் அந்தத் திசையில் போகாமல் உள்ளே சாய்கிறது. கொஞ்ச மாதத்தில் முட்டி வலி என்று வந்து நிற்கிறார்கள். முட்டியை விரி என்று சொல்லிச் சொல்லி ஓய்ந்துவிட்டேன். எந்தத் தசை போதவில்லை?

தாம்பரம் அக்கா எழுதியது:

மேடம், விரிவு முழுக்க இடுப்பு மூட்டிலிருந்து வர வேண்டும். முழங்கால் மடக்கி நிமிர்த்துவதற்காக அமைந்த மூட்டு, மடங்கிய நிலையில் கொஞ்சம்தான் சுழலும். தொடையை வெளிப்பக்கமாகத் திருப்புவது க்ளூட்டியஸ் மேக்சிமஸும், அதன் அடியில் மறைந்திருக்கும் ஆறு சின்னத் தசைகளும். பிரிஃபார்மிஸ், இரண்டு ஜெமெல்லஸ், இரண்டு ஆப்ட்யூரேட்டர், குவாட்ரேட்டஸ் ஃபெமோரிஸ். இவை இடுப்பெலும்பிலிருந்து கிளம்பித் தொடை எலும்பின் மேல்முனையைப் பின்னாலிருந்து பிடித்துத் திருப்புகின்றன. பிள்ளைகள் பாதத்தைத் தரையில் ஒட்ட வைத்து உராய்வை வைத்தே விரித்துவிடுகிறார்கள். அப்போது தொடை ஒரு திசை பார்க்கிறது, கீழ்க்கால் இன்னொரு திசை பார்க்கிறது, நடுவில் முழங்கால் முறுக்கப்படுகிறது. குவாட்ரிசெப்ஸ் அந்த முறுக்கோடு உடல் எடையையும் தாங்கிக்கொண்டு அசையாமல் நிற்க வேண்டும். வலி வராமல் என்ன செய்யும்.

பாதத்தை எவ்வளவு விரிக்கலாம் என்பதை இடுப்பு முடிவு செய்யட்டும். பிள்ளையை நேராக நிற்க வைத்து, பாதத்தைத் தரையிலிருந்து கொஞ்சம் தூக்கி, தொடையிலிருந்து காலை வெளியே திருப்பி அப்படியே இறக்கச் சொல்லுங்கள். எங்கே இறங்குகிறதோ அதுதான் அந்தப் பிள்ளைக்கு இன்றைய அளவு. உட்காரும்போது முழங்கால் பாதத்தின் இரண்டாவது விரலுக்கு நேராக இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். பக்கவாட்டில் படுத்து, முழங்கால்களை மடக்கி, குதிகால்களைச் சேர்த்து வைத்தபடி மேல் முழங்காலை மட்டும் திறக்கிற பயிற்சி இந்தத் தசைகளுக்கு நல்லது. இன்னொன்று, இடுப்புக் குழியின் வடிவமும் தொடை எலும்புக் கழுத்தின் கோணமும் ஆளுக்கு ஆள் வேறுபடும், எலும்பே தடுத்தால் எந்தப் பயிற்சியாலும் கூடுதல் விரிவு வராது. அந்தப் பிள்ளையைத் திட்டாமல் இருப்பது ஆசிரியர் கையில் இருக்கிறது.

மயிலை சலங்கை எழுதியது:

இரண்டாவது விரல் கணக்கு மிகவும் உதவும். நன்றி. இது எல்லா நாட்டிய வகுப்பிலும் சொல்லப்பட வேண்டும்.

அம்பத்தூர் மகன் எழுதியது:

மறுபடியும் நான்தான். அம்மாவுக்கு வயது அறுபதுக்கு மேல். நடக்கும்போது வலது பக்கம் சாய்ந்து சாய்ந்து நடக்கிறார். முட்டி வலி பெரிதாக இல்லை என்கிறார். ஊன்றுகோல் வாங்கிக் கொடுத்தேன், எந்தக் கையில் பிடிப்பது என்று வீட்டில் ஆளுக்கொன்று சொல்கிறோம்.

தாம்பரம் அக்கா எழுதியது:

நேரில் பார்க்காமல் காரணம் சொல்லக் கூடாது, ஆனால் தசை என்ன செய்கிறது என்று சொல்கிறேன். நடக்கும்போது ஒவ்வோர் அடியிலும் கொஞ்ச நேரம் ஒற்றைக் காலில்தான் நிற்கிறோம். தூக்கிய காலின் பக்கம் இடுப்பு கீழே சரியாமல் பிடிப்பது, ஊன்றிய காலின் பக்கம் இருக்கிற க்ளூட்டியஸ் மீடியஸும் மினிமஸும். பிட்டத்தின் பக்கவாட்டில் மேலே கை வைத்துக்கொண்டு ஒற்றைக் காலில் நின்றால் இறுகுவது தெரியும். வலது பக்கத் தசை பலவீனமானால், வலது காலில் நிற்கும்போது இடது இடுப்பு சரியும். இதை ஜெர்மானிய அறுவை மருத்துவர் ட்ரெண்டலென்பர்க் 1895இல் விளக்கினார், அவர் பெயரில்தான் இன்றும் அந்தச் சோதனை. சரியாமல் இருப்பதற்காக உடம்பையே வலது பக்கம் சாய்த்து எடையை அந்த மூட்டுக்கு மேலே கொண்டுபோய்விடுவார்கள், தசைக்கு வேலை மிச்சம். உங்கள் அம்மா சாய்வது பெரும்பாலும் அதற்காக இருக்கலாம். தசை நன்றாக இருந்து இடுப்பு மூட்டில் தேய்மானம் இருந்தாலும் இதே சாய்வு வரும், முதுகு நரம்பு அழுந்தினாலும் வரும், ஆகவே எலும்பு மருத்துவரிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள்.

ஊன்றுகோல் எதிர்க் கையில், அதாவது வலது இடுப்பு பலவீனம் என்றால் இடது கையில். வலது கால் தரையில் இருக்கும்போது இடது கை ஊன்றுகோலை அழுத்தும், சரியப் பார்க்கிற இடது பக்கத்துக்கு அதுவே தாங்கல். வலியிருக்கும் பக்கமே ஊன்றுவது இயல்பாகத் தோன்றும், தெருவில் பாதிப் பேர் அப்படித்தான் பிடிக்கிறார்கள், ஆனால் இடுப்புத் தசைக்கு அதனால் பயன் மிகக் குறைவு.

முதலாண்டு பிசியோ எழுதியது:

அக்கா, சார், நீங்கள் சொன்ன மாதிரி அறை அறையாகப் போட்டுப் பார்த்தேன், முன்கை முழுசாக ஏறிவிட்டது. ஒரு குழப்பம். முழங்கைக்கு முன்னால் போகும் தசை மடக்குகிறது. ஆனால் முழங்காலுக்கு முன்னால் போகிற குவாட்ரிசெப்ஸ் நிமிர்த்துகிறதே, ஏன் கையும் காலும் தலைகீழாக இருக்கின்றன?

அடுத்து, கை விரல். விரல்களுக்குள் தசையே இல்லை என்று லேபில் பார்த்தபோது ஆச்சரியமாக இருந்தது. முன்கையிலும் உள்ளங்கையிலும் இரண்டு இடத்திலும் விரலுக்கான தசை எதற்கு?

பழைய உடற்கூறு வாத்தியார் எழுதியது:

முதல் கேள்விக்குப் பதில் கருவில் இருக்கிறது. கருவின் ஏழாவது வாரத்தை ஒட்டிக் கை மொட்டுகள் வெளிப்பக்கமாகவும் கால் மொட்டுகள் உள்பக்கமாகவும் ஏறக்குறைய செங்கோண அளவு திரும்புகின்றன. அதனால்தான் முழங்கை பின்னே பார்க்கிறது, முழங்கால் முன்னே பார்க்கிறது. நிமிர்த்தும் தசைகள் கையில் பின்னாலும் காலில் முன்னாலும் போய் அமர்ந்தது அந்தத் திருப்பத்தால்.

இரண்டாவது கேள்விக்கு விரிவாகவே பதில் சொல்ல வேண்டும், நம் ஊருக்குப் பக்கத்தில் நடந்த ஒன்றே இதற்கு விளக்கம். பால் பிராண்ட் என்ற அறுவை மருத்துவர் 1914இல் கொல்லிமலையில் பிறந்தவர். இங்கிலாந்தில் படித்துவிட்டு 1946இல் வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். அதற்குப் பிறகு ஒருநாள் செங்கல்பட்டில் இருந்த தொழுநோய் மருத்துவமனைக்கு, அங்கே பணியாற்றிய ராபர்ட் காக்ரேனைப் பார்க்கப் போனார். விரல்கள் கொக்கி போல வளைந்துபோன நோயாளி ஒருவரிடம் கையைக் கொடுத்து இறுக்கச் சொன்னவர், அந்தப் பிடியின் பலத்தைக் கண்டு திகைத்துப்போனார். செயலிழந்த கை என்று எல்லோரும் ஒதுக்கிய கையில் அவ்வளவு பலம் எங்கிருந்து வந்தது?

பலம் வந்தது முன்கையிலிருந்து. தொழுநோய்க் கிருமி உடம்பின் குளிர்ந்த, தோலுக்கு அருகில் இருக்கிற நரம்புகளைத் தாக்கும். முழங்கையின் உள்பக்க எலும்புக்குப் பின்னால் ஓடுகிற அல்னார் நரம்பு, இடித்தால் மின்சாரம் பாய்ந்தது போல இருக்குமே அதே நரம்பு, அடிக்கடி பலியாகிறது. மீடியன் நரம்பு முழங்கையில் ஆழத்தில் இருப்பதால் தப்பிவிடும், எனவே விரலை மடக்கும் முன்கைத் தசைகளில் பெரும்பாலானவை நன்றாகவே இருக்கும். இறந்துபோவது உள்ளங்கைக்குள் இருக்கிற குட்டித் தசைகள். விரல்களை விரிக்கிற, சேர்க்கிற இன்டராசியஸ் தசைகள், லும்பிரிக்கல்கள். விரலின் அடிமூட்டை மடக்கிக்கொண்டே நடுமூட்டையும் நுனிமூட்டையும் நிமிர்த்துவது இவற்றின் வேலை. சோற்றைப் பிசைந்து உருண்டை பிடிக்கிற, பேனாவைப் பிடிக்கிற அந்த நிலை. இவை போனால் அடிமூட்டு பின்னே வளையும், மற்ற இரண்டும் மடங்கும், கொக்கிக் கை. பிடிக்கப் பலம் இருக்கும், பிடிக்க வேண்டிய பொருளைச் சுற்றி விரலை விரித்து வைக்க வழியிருக்காது.

பிராண்ட் செய்தது, உயிரோடிருந்த தசை ஒன்றின் தசைநாணை எடுத்து, நாலாகப் பிரித்து, விரல்களின் பக்கவாட்டில் தைத்து, இறந்த குட்டித் தசைகளின் வேலையை அதற்குக் கொடுத்தது. ஒரு விரலை மடக்க முன்கையிலிருந்து இரண்டு தசைநாண் வருகிறது, நடுக்கணு வரை போகும் சூப்பர்ஃபிஷியாலிஸ், நுனிவரை போகும் புரோஃபண்டஸ். ஒன்றை எடுத்தாலும் விரல் மடங்கும், ஆகவே ஒன்றைக் கடன் வாங்கலாம். பிற்பாடு மணிக்கட்டை நிமிர்த்தும் தசையையும் பயன்படுத்தினார், நீளம் போதாத இடத்தில் வேறு தசைநாண் ஒட்டுப் போட்டு. அறுவைக்குப் பிறகு நோயாளி அந்தத் தசையைப் புது வேலைக்குப் பழக்க வேண்டும். அங்கேதான் தம்பி உன் தொழில் வருகிறது. பிசியோதெரபி இல்லாமல் அந்த அறுவை பாதிதான். செங்கல்பட்டு மருத்துவமனை 1955இல் மத்தியத் தொழுநோய் ஆராய்ச்சி நிலையமாகி இன்றும் இயங்குகிறது. கைக்கான அறுவையும் மறுவாழ்வும் பார்க்க விரும்பினால் நம் ஸ்டான்லி மருத்துவமனையின் கைப் பிரிவு நாடறிந்தது, பயிற்சிக் காலத்தில் முயற்சி செய்து அங்கே போய்ப் பார்.

வியாசர்பாடி பயில்வான் எழுதியது:

சார், இதைப் படித்து முடிக்கும்போது உடம்பு சிலிர்த்துவிட்டது. ஒட்டுப் போட வேறு தசைநாண் என்றீர்களே, எடுத்த இடத்தில் பலம் போகாதா?

பழைய உடற்கூறு வாத்தியார் எழுதியது:

போகாத ஒன்றைத்தான் எடுப்பார்கள். பால்மாரிஸ் லாங்கஸ் என்று மணிக்கட்டின் நடுவில் ஒன்று. கட்டைவிரலையும் சுண்டுவிரலையும் சேர்த்து வைத்து மணிக்கட்டைக் கொஞ்சம் மடக்கினால் நடுவில் கயிறு போல எழும்பும். ஏறக்குறைய 15 சதவீதம் பேருக்கு ஒரு கையிலோ இரண்டிலுமோ அது கிடையாது என்று பாடநூல்கள் சொல்லும், இந்த அளவு மக்களினத்துக்கு ஏற்ப மாறும். இல்லாதவர்களுக்குப் பிடியில் குறை எதுவும் தெரிவதில்லை. காலில் இதற்கு இணையாகக் கெண்டைக்காலுக்குள் பிளான்டாரிஸ் இருக்கிறது, நீண்ட மெல்லிய தசைநாண், அதையும் எடுப்பார்கள்.

கடற்கரை ஓட்டம் எழுதியது:

எனக்கு இடது கையில் எழும்பவில்லை, வலதில் இருக்கிறது. வீட்டில் எல்லோர் கையையும் பார்த்தாயிற்று.

முதலாண்டு பிசியோ எழுதியது:

எனக்கு இரண்டிலும் இருக்கிறது. கடைசியாக ஒன்று. மணிக்கட்டை நன்றாக உள்ளே மடக்கி வைத்துக்கொண்டு முஷ்டி பிடித்தால் இறுகப் பிடிக்கவே முடியவில்லை. மணிக்கட்டை நிமிர்த்தினால் பிடி தானாக இறுகுகிறது. இதுவும் அக்கா சொன்ன இரண்டு மூட்டுக் கதைதானா?

தாம்பரம் அக்கா எழுதியது:

அதேதான், இந்த முறை நாலைந்து மூட்டு. விரலை மடக்கும் தசை மணிக்கட்டைத் தாண்டி, விரலின் மூன்று மூட்டையும் தாண்டுகிறது. மணிக்கட்டை மடக்கினாலே அது சுருங்க வேண்டிய அளவில் பெரும்பகுதி தீர்ந்துவிடும், விரலை இறுக்க மிச்சம் இருக்காது. பின்பக்கத் தசைநாண்களும் இழுபட்டு விரலைத் திறக்கப் பார்க்கும். அதனால்தான் எதையாவது இறுகப் பிடிக்கும்போதெல்லாம் மணிக்கட்டு தானே கொஞ்சம் பின்னே நிமிர்ந்துகொள்கிறது. நிமிர்த்தும் தசைகள் முழங்கையின் வெளிப்பக்க முனையை ஒட்டித் தொடங்குகின்றன, துணி பிழிகிறவர்களுக்கும் நாள் முழுக்க ஸ்பேனர் பிடிக்கிற மெக்கானிக்குகளுக்கும் அங்கே வலி வருவதற்குக் காரணம் பிடிக்கும் வேலையில் அவற்றுக்கு இருக்கிற இந்தப் பங்குதான். டென்னிஸ் எல்போ என்று பெயர், டென்னிஸ் ஆடியிருக்க வேண்டியதில்லை.

வார்டுக்குப் போகும்போது இது உனக்கு நேரடியாகத் தேவைப்படும். கழுத்துத் தண்டுவடம் ஆறாவது கழுத்து நரம்பு மட்டத்தில் அடிபட்டவர்களுக்கு விரல் தசைகள் வேலை செய்யாது, மணிக்கட்டை நிமிர்த்தும் தசை மட்டும் மிஞ்சும். அவர்கள் மணிக்கட்டை நிமிர்த்தும்போது, செயலிழந்த விரல் மடக்குத் தசைநாண்கள் இழுபட்டு விரல்கள் தாமாக மூடிக்கொள்ளும், கட்டைவிரல் ஆட்காட்டி விரலின் பக்கத்தில் வந்து பொருந்தும். மணிக்கட்டைத் தொங்கவிட்டால் திறக்கும். அதை வைத்துக் கரண்டி பிடிப்பார்கள், பிரஷ் பிடிப்பார்கள், காகிதம் எடுப்பார்கள். ஆகவே அப்படிப்பட்ட நோயாளிக்குக் கையை நீட்டிப் பயிற்சி கொடுக்கும்போது மணிக்கட்டையும் விரல்களையும் ஒரே நேரத்தில் முழுக்க நிமிர்த்தி இழுத்துவிடாதே. விரலை நிமிர்த்தும்போது மணிக்கட்டு மடங்கியிருக்கட்டும், மணிக்கட்டை நிமிர்த்தும்போது விரல்கள் மடங்கியிருக்கட்டும். அந்தத் தசைநாண்கள் கொஞ்சம் குட்டையாகவே இருக்க வேண்டும், நீட்டிவிட்டால் அவருக்கு மிச்சமிருக்கிற பிடியும் போய்விடும். வீட்டில் கையை அமுக்கிவிடுகிற குடும்பத்தாருக்கும் இதை முதல் நாளே சொல்லிக் கொடுத்துவிடு.